லக்கேஜ் டிக்கெட்

முதலில் கடலுக்குத்தான் கேட்டேன்.
கரையோரப் பூங்காவில் போனை எடுத்தவர்
நல்ல மனிதர், ஜெபராஜ் என்று பெயர் சொன்னார்.
பூநாரை வந்திருக்குங்க மேடம், ஆனா மணல்,
மணலை நாங்க என்ன செய்ய,
அப்புறம் படகு, படகுக்கு ஏணி.
நீங்க வாங்க, நாலு பேர் இருக்கோம்,
தூக்கிக்கலாம்.

தூக்கிக்கலாம்.
கல்யாண மண்டபத்தில், பத்திர ஆபீஸ் மாடியில்,
ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சொல்.
வயது முப்பத்தெட்டு, எடை அறுபத்தொன்று.
அக்குளில் நுழைந்த அந்நியக் கைகளின் ஈரம்
பார்த்துவிட்டு வந்த காட்சியைவிட
அதிக நாள் என்னோடு இருக்கும்.

அதனால் மலை.
அஸ்தம்பட்டி வீட்டு ஜன்னலில்
வருஷம் முழுக்கத் தொங்குகிற மலை.

என் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் உண்டு.
அதில் நான் போவேன், நாற்காலி போகாது.
மெஹருன்னிசா அதை மடித்துத் தூக்கிக்கொண்டு
ஏற்காடு பஸ்ஸில் ஏறினாள்.
யாரு உக்கார்றது இதுல என்றார் கண்டக்டர்.
பின்னால வருது என்று இவள் கைகாட்ட,
எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டோடு கையசைத்தேன்.
அப்ப இது சரக்குதானே என்று
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அடிவாரத்திலிருந்து அதன் பின்னாலேயே போனேன்.
கடைசி சீட்டுக் கண்ணாடியில்
மடிந்த சக்கரங்கள் தெரிந்தன.
டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் மலை பார்க்கிற பயணி.
ஏழாவது கொண்டை ஊசியில்
ஒரு குரங்கு என் கண்ணாடியில் முகம் பார்க்க உட்கார்ந்தது.
அது பார்த்து முடிப்பதற்குள் பஸ் மறைந்துவிட்டது.
பதிமூன்றாவது வளைவு வரை
நாற்காலி இல்லாமல், ஆள் இல்லாமல், நான்.
விழுந்தால் விழுந்த இடம்தான்.
எனக்குப் பிடித்திருந்தது.

ஏரியில் படகுக்கு ஒன்பது படி.
பூங்காவில் சுழல் கம்பி கேட்.
மாடு நுழையக் கூடாதுன்னு போட்டதுங்க என்றார் காவலாளி.
உள்ளே ஒரு மாடு
ரோஜாச் செடியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.
காட்சி முனைக் கழிப்பறைக்குச் சாய்தளம்,
நீலப் பலகையில் வெள்ளையாக என் படம்!
மூச்சு வாங்க ஏறினேன். மேலே பூட்டு.
சாவிக்காரர் சேலத்துக்குப் போயிருக்கிறாராம்.
அடுத்த கதவு இருபத்திரண்டு அங்குலம்,
நாற்காலி இருபத்தைந்து.
காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதது
இந்த மூன்று அங்குலத்துக்காகத்தான்.
டேப்பைச் சுருட்டினேன், மெஹரு நோட்டில் எழுதினாள்.
எதுக்குடி இதெல்லாம் என்றவளே
பக்கம் மாறும்போது கோடு போட்டு எழுதினாள்.

மிளகாய் பஜ்ஜிக்கு மட்டும் படி இல்லை.
கடைக்காரம்மா சாலைக்கே வந்து கொடுத்தார்.

இறங்கும்போது நாற்காலிக்கு மறுபடி டிக்கெட்.
பஸ்ஸை முன்னால் விட்டேன்.
பதினோராவது வளைவில் சுவர் கொஞ்சம் உடைந்திருந்தது.
அந்த இடைவெளிக்கு நேராக ஸ்கூட்டரை நிறுத்தினேன்.
கீழே சேலம் விளக்கு போடத் தொடங்கியிருந்தது,
தெருத்தெருவாக, அவசரமில்லாமல்.

அப்போதுதான் போன்.
மேடம், நாந்தான், ஜெபராஜ்.
நீங்க தூக்க வேண்டாம்னீங்கள்ல,
அது மனசுலேயே கெடந்துச்சு.
பழைய பலகை கெடக்கு எங்ககிட்ட,
மணல்ல போட்டுப் பாத்தோம்.
இருபது அடிக்குத்தான் வந்துச்சு. தண்ணி வரைக்கும் வரலை.
ஆனா அங்கேருந்து பறவை தெரியும்.

பலகை எவ்வளவு அகலம் என்றேன்.

இருங்க, அளந்துட்டு வர்றேன்.

போனைக் கீழே எங்கோ வைத்துவிட்டுப் போனார்.
காதில் காற்று. காற்றுக்குப் பின்னால்
ஏதோ புரண்டு புரண்டு படுக்கிற சத்தம்.
மேலேறி வந்த லாரி ஹாரன் அடித்தது,
ஓரமாப் போம்மா என்றது.
கையால் காட்டினேன்,
கொஞ்சம் இருங்கள்,
ஒருவர் அளக்கப் போயிருக்கிறார்.